படம் பார்க்கிற டாக்டரம்மா

முப்பத்தெட்டு வருஷம் டாக்டராக இருந்தவர் அவர். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்து "என்ன செய்யுது உங்களுக்கு?" என்று விசாரித்தது முதல் ஆறு வருஷம்தான். மீதிக் காலமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கழிந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அவர் முன்னால் இருந்த திரைக்கு வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எங்கே எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, எங்கே நீர் கோத்திருக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புவார். அந்தக் கல்லீரல் யாருடையது, அந்த ஆள் குட்டையா நெட்டையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்று இலவச மருத்துவ மையத்துக்கு வந்த முதல் நாள், ஒரு பாட்டி அவரிடம் கேட்டாள். "நீங்க எதுக்கு டாக்டர்ம்மா? கண்ணா, காதா?"

"நான் படம் பார்க்கிற டாக்டர்."

"நல்ல வேலைதான் போங்க. நாள் பூரா படம் பார்த்ததுக்குச் சம்பளமும் குடுத்தாங்களா?"

வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் 'படம் டாக்டரம்மா' ஆகிவிட்டார்.

அங்கே போகச் சொன்னது வீட்டுக்காரர்தான். அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். "டிவியில செய்தி வாசிக்கிறவளுக்குத் தோள் ஏத்த இறக்கமா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு உக்காந்திருக்க. இப்படியே ஒரு வருஷம் போனா எனக்கும் சேர்த்து ரிப்போர்ட் எழுதிடுவ. எங்கேயாவது போய்ட்டு வா" என்றார். சொன்னதோடு விடாமல், சனிக்கிழமை தோறும் தானே காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தெருவிலேயே வண்டியை நிறுத்தி, செய்தித்தாளை விரித்துக்கொண்டு மதியம் வரை காத்திருப்பார்.

மையம் இருந்தது ஒரு பழைய செருப்புக் கடையில். காலணி அடுக்கிய மர அலமாரிகளில் இப்போது மாத்திரைப் பெட்டிகள். திரைச்சீலை கட்டி நான்கு தடுப்புகள். வருகிறவர்கள் யாரும் வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்ல. ஒரு வேலைக்கு இரண்டு வேலை பார்க்கிறவர்கள். வீடு துடைக்கிறவர், சரக்கு வண்டி ஓட்டுகிறவர், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். எந்த முதலாளியும் இவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரவில்லை. சொந்தமாக எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. நோய் வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாமல் போனால் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பார்கள்.

மையத்தில் ராஜா மாதிரி இருந்தவர் சர்ஜன் ஐயா. வயது எழுபத்தாறு. நகரத்தில் பாதி சர்ஜன்கள் அவரிடம் கத்தி பிடிக்கக் கற்றவர்கள். குரலும் பெரிசு, கோபமும் பெரிசு. அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. டாக்டரம்மாவைப் பார்த்ததும், "நோயாளியைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றார் இவர். "அப்ப பிரஷர் பாருங்க, சர்க்கரை பாருங்க. போதும்" என்று ஓரமாக ஒரு தடுப்பைக் காட்டிவிட்டார். டாக்டரம்மாவுக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் பயம்தான் இருந்தது. உயிருள்ள ஆள் எதிரில் உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தடுப்பின் மூலையில் துணி போர்த்தி ஒரு ஸ்கேன் மெஷினும் இருந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் தன் கிளினிக்கை மூடும்போது கொடுத்தது. ஆன் செய்தால் முதலில் 'நாயா, பூனையா, குதிரையா' என்று கேட்கும். சர்ஜன் ஐயாவுக்கு அதைக் கண்டாலே இளக்காரம். "குரைக்கிற பேஷண்ட் வந்தா எடுங்க" என்பார். டாக்டரம்மா மட்டும் வேலை இல்லாத நேரங்களில் அதைத் துடைத்து, வீட்டுக்காரரையே படுக்க வைத்து ஓட்டிப் பார்த்துப் பழகி வைத்திருந்தார்.

அன்றைக்கு இருபத்து மூன்றாம் எண் டோக்கனோடு ஒரு பெயிண்டர் வந்தார். அறுபத்து நாலு வயது. மெலிந்த ஆள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கறை, சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட். கூடவே அவர் மனைவி. விடியற்காலையிலிருந்து இடப்பக்க முதுகில் வலி, அடிவயிறு வரை இறங்குகிறது என்றார். சர்ஜன் ஐயா முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார், ரெண்டு கேள்வி கேட்டார். "சிறுநீரகக் கல். வலி மாத்திரை தரேன், தண்ணி நிறையக் குடி. வெளியே போறப்ப பிரஷரைப் பார்த்துக்கிட்டுப் போ."

அப்படித்தான் பெயிண்டர் டாக்டரம்மாவின் தடுப்புக்கு வந்தார்.

கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார் டாக்டரம்மா. தொண்ணூற்றெட்டு. மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று மறு கையில் பார்த்தார். தொண்ணூற்றாறு. பழைய அட்டையைப் புரட்டினார். போன தடவை நூற்றைம்பத்தைந்து, அதற்கு முன்னால் நூற்றறுபது.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

மனைவி சொன்னாள். "தீர்ந்து ரெண்டு மாசமாச்சும்மா. வாங்கிட்டு வான்னா, தலை சுத்தலையே, எதுக்குங்கறாரு."

மாத்திரை சாப்பிடாதவர். வலியில் இருக்கிறவர். இவருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருக்க வேண்டுமே, ஏன் இறங்கியிருக்கிறது? அப்போதுதான் டாக்டரம்மா அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. உதடு சாம்பல் பூத்திருந்தது. கல் வலி வந்தவன் ஒரு நிலையில் இருக்க மாட்டான், புழுவாகத் துடிப்பான். இவரோ நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அசைந்தால் ஏதோ உடைந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா பட்டையைக் கழற்றி வைத்தார். எழுந்து சர்ஜன் ஐயாவிடம் போனார். அவர் வேறொருவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பெயிண்டருக்குப் பிரஷர் தொண்ணூத்தாறுதான் இருக்கு."

"காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்."

"வழக்கமா நூத்தம்பதுக்கு மேல இருக்கிறவர். எனக்கு என்னவோ…"

"அம்மா!" குரல் உயர்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நாப்பது வருஷம் வயித்தைத் திறந்து பார்த்தவன் நான். கல்லு எது, மண்ணு எதுன்னு எனக்குத் தெரியாதா? அடுத்த ஆளைப் பாருங்க."

காது மடலெல்லாம் சுட்டது டாக்டரம்மாவுக்கு. தன் தடுப்புக்குத் திரும்பி வந்தார். பெயிண்டர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்தபடி, "வரோம்மா" என்றாள். வாசலுக்குப் பத்து அடிதான் இருக்கும்.

போகட்டும் என்று விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பெரியவர் பார்த்தார், பெரியவர் சொன்னார். ஒருவேளை வெறும் கல்லாகவே இருந்துவிட்டால், இத்தனை பேர் முன்னால் மறுபடியும் மானம் போகும். அவர்கள் ஐந்தாவது அடி எடுத்து வைக்கும் வரை டாக்டரம்மா அப்படியே நின்றார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அஞ்சே நிமிஷம். ஒரு படம் பார்த்துடறேன்."

மெஷினை ஆன் செய்தார். நாயா, பூனையா என்று கேட்டது. 'பெரிய நாய்' என்று அழுத்தினார். ஸ்கேனுக்குத் தடவுகிற பசைக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டுதான் வந்தது. அதை வயிற்றில் தடவி, கருவியை வைத்து, அழுத்தாமல் மெதுவாக நகர்த்தினார்.

வயிற்றின் நடுவில், முதுகெலும்புக்கு முன்னால், இதயத்திலிருந்து இறங்கி வரும் பெரிய ரத்தக்குழாய் கட்டைவிரல் பருமனுக்குத் தெரிய வேண்டும். திரையில் தெரிந்தது ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம். கறுப்பாக, உருண்டையாக, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் விம்மிக்கொண்டிருந்தது. அளந்தார். ஏழரை சென்டிமீட்டர். குழாயின் சுவர் பலூன் மாதிரி ஊதிப்போய், எந்த நிமிஷமும் கிழியலாம் என்ற நிலை. கசிவு தொடங்கிவிட்டதா என்று அந்த மெஷினில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வலியும் தொண்ணூற்றாறும் அதைச் சொல்லிவிட்டன.

இந்தப் படத்தை வாழ்நாளில் நூறு தடவையாவது பார்த்திருப்பார். பார்த்து, எழுதி, போனை எடுத்து மேல்மாடிக்குச் சொன்னால் அவர் வேலை முடிந்தது. இப்போது மேல்மாடி இல்லை. படத்துக்குச் சொந்தக்காரர் படுத்துக்கொண்டு, "என்னம்மா, கல்லு பெரிசா?" என்று கேட்கிறார்.

"கல்லு இல்லைங்க. ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னைக்கே ஆபரேஷன்."

பெயிண்டர் சட்டையைத் தேடினார். "அதெல்லாம் வேணாம்மா. மாத்திரை குடுங்க, போறேன்."

"இது மாத்திரைக்கு அடங்காதுங்க."

"மூணு வருஷம் முன்னாடி ஏணியிலேர்ந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு அங்கதான் போனேன். கை ரெண்டு மாசத்துல கூடிடுச்சு. பணம் கேட்டு அவங்க அனுப்பற கடுதாசி இன்னும் நிக்கல. எனக்குக் காப்பீடு கிடையாதும்மா. திரும்ப அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்." எழுந்துகொள்ள முழங்கையை ஊன்றினார்.

"எழுந்திருக்காதீங்க!" டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்தார். "கேளுங்க. அந்தக் குழாய் வெடிச்சா ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்காது. பஸ்ஸுல போகும்போது வெடிக்கலாம். இங்கேயே வெடிக்கலாம். நான் பயமுறுத்தலை. எனக்கே பயமா இருக்கு, அதனாலதான் சொல்றேன்."

பெயிண்டர் மறுபடியும் சட்டைக்குக் கையை நீட்டினார். மனைவி அந்தச் சட்டையை எடுத்து மடித்துத் தன் பைக்குள் திணித்தாள்.

"கடன்காரியா வேணா இருந்துட்டுப் போறேன்" என்றாள் அவரிடம். "நீங்க இல்லாம இருக்க என்னால ஆகாது. பேசாம படுங்க."

டாக்டரம்மா தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் வாங்க" என்றார். எரிச்சலோடு வந்த சர்ஜன் ஐயா திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டிப் பெயிண்டரின் வயிற்றில் இறகு மாதிரி வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே அது துடிப்பதை டாக்டரம்மாவாலும் பார்க்க முடிந்தது. கையை எடுத்துவிட்டு, பெரியவர் செல்போனோடு வெளியே போய்விட்டார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள் டோக்கன் கொடுக்கிற அக்கா. நெடுஞ்சாலையில் நாலு வண்டி மோதல், எல்லா ஆம்புலன்ஸும் அங்கே, முப்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி பன்னிரண்டு நிமிஷ தூரத்தில்தான்.

டாக்டரம்மா தெருவுக்கு ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அவர் ஓடி வருவதைப் பார்த்த வீட்டுக்காரர் கையிலிருந்த செய்தித்தாளை நழுவவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"பின்சீட்டைக் காலி பண்ணுங்க. கேள்வி எல்லாம் அப்புறம்."

பெயிண்டரைப் பின்சீட்டில் கிடத்தி, மனைவியின் மடியில் தலையை வைத்தார்கள். டாக்டரம்மா முன்சீட்டில் திரும்பி மண்டியிட்டு, கையை நீட்டி அவர் நாடியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் நாற்பது வருஷமாக ஒரே வேகத்தில் வண்டி ஓட்டுகிறவர். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே பிரேக்கில் காலை வைப்பார். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

"குழி வந்தா மட்டும் மெதுவா. மத்தபடி மெதுவே வேணாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு பெயிண்டரிடம், "கண்ணை மூடாதீங்க. இப்ப எங்க வேலை நடக்குது?"

"பள்ளிக்கூடம். ஜன்னல்… ஜன்னல் மட்டும் பாக்கி."

"என்ன கலர்?"

"பச்சை. நான் வேணாம்னேன். ஹெட்மாஸ்டர் கேக்கல…"

நாடி நூல் மாதிரி மெலிந்துகொண்டே வந்தது. பாலத்தைத் தாண்டும்போது பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது, பெயிண்டரின் கண் மேலே செருகியது. மனைவி அலறினாள்.

"போங்க!" என்றார் டாக்டரம்மா.

"சிவப்பும்மா…"

"போங்கன்னா!"

ஹாரனில் கையை வைத்து எடுக்காமல், வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டினார்.

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. பின்னாலேயே இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். அவசரமும் அவநம்பிக்கையும் அவள் முகத்தில் சேர்ந்து இருந்தன.

"யார் ஸ்கேன் பண்ணது?"

"நான்தான். ஏழரை சென்டிமீட்டர், சிறுநீரக ரத்தக்குழாய்களுக்குக் கீழ. கசிவு ஆரம்பிச்சிருக்கு. நேரா ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும்."

"எந்த மெஷின்ல பார்த்தீங்க?"

"கால்நடை… நாய்களுக்கு உபயோகிக்கிறது."

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். ஓடி வந்ததில் கலைந்த தலை, கையெல்லாம் பசை, கழுத்தில் அடையாள அட்டைகூட இல்லை. "மேடம், முதல்ல இங்க ஒரு பெரிய ஸ்கேன் எடுத்துடுவோம். இருபது நிமிஷம்தான்."

"அவருக்கு இருபது நிமிஷம் இல்ல!" டாக்டரம்மா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இதே கட்டடத்துல கீழ்த்தளத்துல முப்பத்திரண்டு வருஷம் உக்காந்து இதைத்தான் பார்த்தேன். தப்பா இருந்தா என் மேல எழுதிக்குங்க. ஸ்கேன் அறைப் பக்கம் தள்ளினீங்கன்னா நான் கையை எடுக்க மாட்டேன்."

அந்த இழுபறி அரை நிமிஷம்கூட இருந்திருக்காது. லிஃப்ட் திறந்து, பச்சை உடுப்பில் நடுவயது சர்ஜன் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "பெயிண்டரா? நாய் மெஷினா?" என்று தூரத்திலிருந்தே கத்தினார். "ஸ்கேன் வேணாம், நேரா மேல கொண்டு வாங்க. ரத்தத்துக்குச் சொல்லியாச்சு."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கத்தி பிடிக்கக் கத்துக்குடுத்த எங்க சார் போன் பண்ணார். 'நான் கல்லுன்னு எழுதி அனுப்பப் பார்த்தேன், தப்பு என்னோடது, அந்தம்மா பார்த்ததுதான் சரி, அவங்க சொல்றபடி செய்'ன்னு சொன்னார். இருபத்தஞ்சு வருஷத்துல அவர் வாயால தப்புங்கற வார்த்தையைக் கேட்டதில்லை. அதனாலதான் ஓடி வந்தேன்."

லிஃப்ட் மூடிக்கொண்டது.

பிறகு நாலரை மணி நேரம். தாழ்வாரத்தில் பெயிண்டரின் மனைவியும் டாக்டரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் மூன்று தடவை காபி வாங்கி வந்தார், மூன்றும் ஆறிப்போயின. டாக்டரம்மா கையில் காய்ந்துபோன பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பிழைப்பாராம்மா?" என்று கேட்டாள் அவள்.

ரிப்போர்ட் எழுதுகிற காலத்தில் இதற்கெல்லாம் தோதான வாசகங்கள் அவரிடம் இருந்தன. 'உறுதியாகக் கூற இயலாது', 'மருத்துவர் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்'. ஒன்றும் இங்கே வாயில் வரவில்லை.

"பாதிக்குப் பாதிம்மா. அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்."

அவள் தலையாட்டிவிட்டு டாக்டரம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவளுடையது நகமெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.

பெயிண்டர் பிழைத்தார். லேசில் பிழைக்கவில்லை. நடுவில் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு வாரம் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போகும்போது எலும்பும் தோலுமாக இருந்தார். கடுதாசிகள் வழக்கம்போல் வந்தன. டோக்கன் அக்கா அந்த மனைவியோடு நாலு நாள் உட்கார்ந்து, வசதியில்லாதவர்களுக்கான சலுகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். பெரும்பகுதி தள்ளுபடியானது. மிச்சம் இன்னும் இருக்கிறது.

சர்ஜன் ஐயா மட்டும் அதன்பிறகு வரவில்லை. ஒரு சனிக்கிழமை போனது, ரெண்டு போனது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் டாக்டரம்மா அவர் வீட்டுக்கே போய் அழைப்புமணியை அடித்தார்.

கதவைத் திறந்தவர் சவரம் செய்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் கையை இனிமே நம்பக்கூடாதும்மா. தொட்டுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். முதுகுல தட்டிட்டு அனுப்பினேன். வயித்தைத் தொடவே இல்ல. சோம்பேறித்தனம். இல்லேன்னா திமிர்."

"ரெண்டும்தான்" என்றார் டாக்டரம்மா. சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் நிறுத்தவில்லை. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்கிட்ட கத்தினீங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. நீங்க அப்படிக் கத்தினதாலதான் நான் அவரை வாசல் பக்கம் போக விட்டுட்டேன், தெரியுமா? அஞ்சு அடி நடந்துட்டார். ராத்திரியில அந்த அஞ்சு அடிதான் கனவுல வருது. அதுக்காக நீங்க வீட்டுல உக்காந்துகிட்டா அறுபது பேரை யார் பாக்கறது? ஒரு கட்டியை அறுக்கக்கூட எனக்குத் தெரியாது."

பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

இப்போது இருவருக்கும் ஒரே தடுப்பு. மேஜை ஒன்று, நாற்காலி மூன்று. மூன்று நோயாளிக்கு ஒரு தடவை சண்டை. சந்தேகம் வந்தால் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு படம் பார்த்துடுங்க" என்பார். சிகரெட் பிடிக்கிற, அறுபதைத் தாண்டிய ஆண் யாராக இருந்தாலும், காதுவலி என்று வந்தால்கூட, டாக்டரம்மா வயிற்றைப் பார்க்காமல் விடுவதில்லை.

பெயிண்டர் இரண்டு மாதம் கழித்து வந்தார். கைத்தடி ஊன்றி, மனைவி துணையோடு. ஏணி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் உட்கார்ந்து வண்ணம் கலக்கிக் கொடுக்கிறாராம்.

"உயிரைக் காப்பாத்திட்டீங்க, சரி" என்றார் டாக்டரம்மாவிடம், நன்றி சொல்கிற குரலில் அல்ல. "நாள் பூரா டப்பாவைக் குலுக்கிட்டிருக்கேன். சுவரைக் கண்ணால பார்த்து எத்தனை நாளாச்சு."

சர்ஜன் ஐயா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"உனக்கு… உங்களுக்குக் கல்லுன்னு சொன்னது நான்தான்."

"தெரியும் ஐயா. இவ சொன்னா."

"மன்னிச்சிடுங்க."

பெயிண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிக்கறதெல்லாம் பெரிய வார்த்தை. கோபம் இருக்கு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். இப்ப வலது கால் சாயங்காலமானா வீங்குது. அதைப் பாருங்க."

பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.